ஒரே கையில் இரண்டு ஏடு

2008-ம் ஆண்டு முடியும் தறுவாயில் யூடியூபில் ஒரு வீடியோ வந்தது. சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தில் அப்போது வேலை பார்த்த பிரெண்டன் கிரெக் என்ற பொறியாளர், ஹார்ட் டிஸ்க்குகளை வரிசையாக அடுக்கிய ஓர் அலமாரியின் முன் போய் நிற்கிறார். முகத்தை டிஸ்க்குகளுக்கு நெருக்கமாகக் கொண்டுபோய்த் தொண்டை கிழியக் கத்துகிறார். பிறகு திரைக்குத் திரும்பி வரைபடத்தைக் காட்டுகிறார். அவர் கத்திய நொடிகளில் மட்டும், டிஸ்க் பதில் சொல்ல எடுத்துக்கொண்ட நேரம் செங்குத்தாக ஏறி இறங்கியிருக்கிறது.

பார்த்தவர்கள் சிரித்தார்கள். 2016 செப்டம்பரில் புக்கரெஸ்ட் நகரத்து ஐ.என்.ஜி. வங்கியால் சிரிக்க முடியவில்லை. தரவு மையத்தில் தீயணைப்பு ஒத்திகை நடத்தினார்கள். தண்ணீருக்குப் பதிலாக வாயுவைப் பீய்ச்சும் ஏற்பாடு. வாயு வெளியேறிய சத்தத்தின் அதிர்விலேயே ஹார்ட் டிஸ்க்குகள் பல கெட்டுப்போய், ஏ.டி.எம். உட்பட வங்கியின் சேவைகள் மணிக்கணக்கில் நின்றன.

டேட்டாபேஸைப் பற்றிப் பேசும்போது இந்த இயந்திரம் நமக்கு மறந்துபோகிறது. அட்டவணை, இண்டெக்ஸ், கேள்வி எல்லாம் கண்ணுக்குத் தெரியாத கணிதமாகத் தோன்றும். அடியில் போய்ப் பார்த்தால் சுழலும் தகடும், அதன்மேல் அலையும் ஒரு கையும் இருக்கின்றன. வினாடிக்கு எத்தனை முறை அந்தக் கை இடம் மாற முடியும் என்ற எண்தான் பல பத்தாண்டுகளாக வங்கிக்கும் ரயில் முன்பதிவுக்கும் வேக வரம்பாக இருந்தது. ஆனால் சர்வர் வாங்கப் போகிறவர் கேட்கும் முதல் கேள்வி இன்றைக்கும் 'எத்தனை டெராபைட்?' என்பதுதான். வீடு பார்க்கப் போய், சதுர அடியை மட்டும் விசாரித்துவிட்டு, தண்ணீர் எப்போது வரும் என்று கேட்காமல் அட்வான்ஸ் கொடுப்பதைப் போன்றது அது.

முதல் ஹார்ட் டிஸ்க் 1956-ல் கலிபோர்னியாவின் சான் ஹொசே நகரில், ஐ.பி.எம். ஆய்வகத்தில் பிறந்தது. ரேமக் என்ற கணினியின் பாகம். 24 அங்குல விட்டமுள்ள 50 தகடுகள் ஒரே அச்சில் நிமிடத்துக்கு 1200 முறை சுற்றின. கொள்ளளவு 50 லட்சம் எழுத்துகள். இன்று கைபேசியில் எடுக்கும் ஒரு போட்டோவுக்கு அது சரியாக இருக்கும். ஐம்பது தகடுகளுக்கும் சேர்த்து ஒரே கை. அது ஒரு இடுக்கிலிருந்து வெளியே வந்து, மேலேயோ கீழேயோ நகர்ந்து, இன்னொரு இடுக்குக்குள் நுழைய வேண்டும். வேண்டியதைத் தேடி எடுக்கச் சராசரியாக 600 மில்லிவினாடி பிடித்தது.

இன்றைய டிஸ்க்கில் ஒவ்வொரு தகட்டுப் பரப்புக்கும் படித்து எழுதும் ஒரு முனை உண்டு. ஆனால் பெரும்பாலான டிஸ்க்குகளில் எல்லா முனைகளும் சீப்பின் பற்கள்போல ஒரே தண்டில் கோத்தவை. போனால் எல்லாம் சேர்ந்துதான் போகும். ஆக, இன்றைக்கும் அது ஒற்றைக் கைதான். நிமிடத்துக்கு 7200 முறை சுற்றும் டிஸ்க் ஒன்றில் வேண்டிய தடத்துக்குக் கை நகர எட்டு, ஒன்பது மில்லிவினாடி. அங்கே போனதும் வேண்டிய துண்டு முனைக்கு அடியில் சுற்றி வரும்வரை காத்திருக்க வேண்டும்; ஒரு முழுச் சுற்று 8.3 மில்லிவினாடி என்பதால் சராசரியாக அதில் பாதி. மொத்தம் 12, 13 மில்லிவினாடி. ரேமக்கின் காலத்திலிருந்து கொள்ளளவு 50 லட்சம் மடங்கு பெருகிவிட்டது. தேடி எடுக்கும் வேகமோ ஐம்பது மடங்கை ஒட்டித்தான் கூடியிருக்கிறது. டேட்டாபேஸ் நிர்வாகிகள் இத்தனை காலமாகத் தலையைப் பிய்த்துக்கொண்டது இந்த இரண்டு எண்களுக்கும் இடையில் விழுந்த பள்ளத்தில்தான்.

கணக்கைத் தொடர்ந்து போட்டுப் பார்க்கலாம். ஒரு தேடலுக்கு 12.5 மில்லிவினாடி என்றால் வினாடிக்கு 80 தேடல். ஆரக்கிள், போஸ்ட்கிரஸ், எஸ்.க்யூ.எல். சர்வர் என்ற டேட்டாபேஸ்கள் மூன்றுமே வழக்கமாகத் தரவை 8 கேபி பக்கங்களாக வைக்கின்றன. அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறிக் கிடக்கும் பக்கங்களை எடுத்தால், 80 பெருக்கல் 8, வினாடிக்கு 640 கேபி. அதே டிஸ்க்கில் கையை நகர்த்தாமல் தடத்தோடு தடமாகத் தொடர்ந்து படித்தால் வினாடிக்கு 200 எம்பி வரும். முந்நூறு மடங்கு வித்தியாசம். டிஸ்க் அதேதான், தகடும் அதேதான். கை அலைகிறதா, ஓர் இடத்தில் நிற்கிறதா என்பது மட்டுமே மாறியிருக்கிறது.

இப்போது டேட்டாபேஸ் டிஸ்க்கில் என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும். அதற்குக் கணினியை விட்டுவிட்டுப் பழைய கடைவீதிக்குப் போனால் சீக்கிரம் புரியும்.

ஜவுளிக் கடைக் கணக்குப்பிள்ளையிடம் இரண்டு ஏடுகள் இருக்கும். ஒன்று சிட்டை. விற்க விற்க, வந்த வரிசையில், ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிக்கொண்டே போவது. மற்றது பேரேடு. ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் அதில் தனிப் பக்கம். பெயரைத் தேடிப் புரட்டி, அந்தப் பக்கத்தில் பற்றோ வரவோ வைக்க வேண்டும். தீபாவளிக் கூட்டத்தில் யாரும் பேரேட்டைப் புரட்டிக்கொண்டு உட்கார மாட்டார்கள். சிட்டையில் ஒரு வரி, அவ்வளவுதான், அடுத்த ஆள். கடை கட்டிய பிறகு சாவகாசமாகச் சிட்டையைப் பார்த்துப் பேரேட்டில் ஏற்றிக்கொள்வார்கள். நடுவில் பேரேட்டின் மேல் காபி கொட்டிவிட்டாலும் சிட்டை இருந்தால் திரும்ப எழுதிவிடலாம்.

டேட்டாபேஸும் அச்சு அசலாக இதையே செய்கிறது. அதன் சிட்டைக்கு லாக் என்று பெயர். பேரேட்டில் ஒரு பக்கம் டிஸ்க்குக்குப் போவதற்கு முன்னால், அந்த மாற்றம் லாக்கில் எழுதப்பட்டிருக்க வேண்டும் என்பது மீறவே கூடாத விதி. 'உங்கள் பணம் போய்ச் சேர்ந்துவிட்டது' என்று திரையில் வருகிறது என்றால், லாக்கில் ஒரு வரி விழுந்துவிட்டது என்று பொருள். பேரேடு இன்னும் மாறாமலே இருக்கலாம். இந்த முறையின் இலக்கணத்தை முழுமையாக எழுதியவர்களில் முதன்மையானவர், தமிழ்நாட்டில் பிறந்து 1977-ல் சென்னை ஐ.ஐ.டி.யில் பட்டம் பெற்ற சி. மோகன். ரேமக் பிறந்த அதே சான் ஹொசேயில், ஐ.பி.எம்.மின் அல்மடேன் ஆய்வகத்தில் சகாக்களோடு சேர்ந்து அவர் உருவாக்கிய ஏரீஸ் என்ற முறை 1992-ல் கட்டுரையாக வெளியானது. கரண்ட் போய் வந்த பிறகு எந்த வரியிலிருந்து சிட்டையைப் படிப்பது, பாதியில் நின்ற பரிவர்த்தனையை எப்படி அழிப்பது, அப்படி அழிக்கும்போதே மறுபடி கரண்ட் போனால் என்ன செய்வது என்பது வரை அதில் இருக்கிறது. ஐ.பி.எம்.மின் டிபி2-வும் மைக்ரோசாஃப்டின் எஸ்.க்யூ.எல். சர்வரும் அந்த வழியில்தான் நடக்கின்றன.

லாக்கைத் தொடர்ச்சியாக எழுதுவதால் கை நகர வேண்டியதில்லை. அப்படியானால் அதிவேகமாக ஓடும் என்று தோன்றும். இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. ஒரு வரி தகட்டில் விழுந்துவிட்டது என்று உறுதியான பிறகுதான் அந்தப் பரிவர்த்தனைக்கு 'ஆயிற்று' என்று சொல்லிவிட்டு அடுத்ததை எடுக்க முடியும். அதற்குள் தகடு கொஞ்சம் சுற்றிவிடுகிறது. அடுத்த வரி எழுத வேண்டிய இடம் முனையைத் தாண்டிப் போய்விட்டது. அது திரும்பி வர ஒரு முழுச் சுற்று ஆகும். நிமிடத்துக்கு 7200 சுற்று என்றால் வினாடிக்கு 120. ஆகவே ஒருவர் பின் ஒருவராக வரும் பரிவர்த்தனைகளுக்கு வினாடிக்கு 120 'ஆயிற்று'களுக்கு மேல் அந்த டிஸ்க்கால் சொல்ல முடியாது. செயலி எவ்வளவு விலை உயர்ந்ததாக இருந்தாலும் இந்த எண் அசையாது. ஒரே நேரத்தில் பலர் வரிசையில் நின்றால் அவர்கள் வரிகளை எல்லாம் சேர்த்து ஒரே சுற்றில் எழுதிவிடும் தந்திரம் உண்டு. டவுன் பஸ் கண்டக்டர் ஏழெட்டுப் பேரிடம் காசை வாங்கிக்கொண்டு மொத்தமாக டிக்கெட் கிழிப்பதைப் போல. தனியாக வந்து நிற்பவருக்கு அந்தத் தந்திரத்தால் பயனில்லை.

இந்த 120 என்ற எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் அதற்கு இன்னொரு வேலை இருக்கிறது.

சிட்டையும் பேரேடும் ஒரே டிஸ்க்கில் இருந்தால் என்ன ஆகும்? கை லாக்கில் ஒரு வரி எழுதுகிறது. உடனே யாரோ ஒரு வாடிக்கையாளரின் பக்கம் வேண்டும் என்று கேட்கிறார்கள். கை தகட்டின் மறுகோடிக்கு ஓடுகிறது. அடுத்த லாக் வரிக்காகத் திரும்பி ஓடி வருகிறது. நகராமல் எழுத முடியும் என்ற லாக்கின் ஒரே அனுகூலமும் போய்விட்டது. 120 என்பது அறுபதாகவோ நாற்பதாகவோ சுருங்குகிறது. டேட்டாபேஸ் சர்வருக்கு டிஸ்க் பிரிப்பதில் முதல் பாடமாக 'லாக்கைத் தனி டிஸ்க்கில் வை' என்று சொல்லிக்கொடுப்பது இதனால்தான். தனி டிரைவ் எழுத்தில் வைத்தால் போதாது. ஒரே டிஸ்க்கை டி, இ என்று இரண்டாக வெட்டி ஒன்றில் லாக்கையும் மற்றதில் தரவையும் வைத்துவிட்டுப் பிரித்தாயிற்று என்று நிம்மதியாக இருப்பவர்கள் உண்டு. பெயர்தான் இரண்டு, கை ஒன்று. உண்மையில் முன்பைவிட மோசம். இரண்டு ஏடுகளும் தகட்டின் இரண்டு கோடிகளுக்குப் போய்விட்டன.

இரண்டாவது காரணம் வேகத்தைவிட முக்கியமானது. பேரேடு இருக்கும் டிஸ்க் செத்துப்போனால், முந்தைய பேக்கப்பை எடுத்து வைத்து, அதற்குப் பிறகு சேர்ந்த சிட்டையை அதன்மேல் ஓட்டி, கடைசிப் பரிவர்த்தனை வரைக்கும் மீட்டுவிடலாம். இரண்டும் ஒன்றாகச் செத்தால் நேற்று ராத்திரியோடு கணக்கு முடிந்தது.

இப்படித் தனியாக வைத்த லாக் டிஸ்க் பார்ப்பதற்குப் பரிதாபமாக இருக்கும். பெரிய டிஸ்க்கில் பத்து ஜிபி கூட நிரம்பியிருக்காது. அலுவலகத்தில் யாராவது ஒருவர் கண்ணில் அது நிச்சயமாகப் படும். 'இவ்வளவு இடம் சும்மா கிடக்கிறதே' என்று ராத்திரி பேக்கப்பை அங்கே திருப்பிவிடுவார். அன்றிலிருந்து ராத்திரி இரண்டு மணிக்கு எல்லாப் பரிவர்த்தனையும் ஏன் இழுக்கிறது என்று ஒரு மாதம் ஆராய்ச்சி நடக்கும். இன்னொரு வகை ஆபத்தும் உண்டு. போஸ்ட்கிரஸில் சிட்டை இருக்கும் ஃபோல்டருக்குப் பல ஆண்டுகளாக 'எக்ஸ்லாக்' என்று முடியும் பெயர் இருந்தது. டிஸ்க் நிரம்பியதும் பதறிப்போய், லாக் என்றால் பழைய குறிப்புகள்தானே என்று அதைத் துடைத்தவர்கள் எத்தனையோ பேர். துடைத்தவுடன் டேட்டாபேஸ் எழுந்திருக்காது. கடைசியில் 2017-ல் வந்த 10-ம் பதிப்பில் பெயரையே மாற்றிவிட்டார்கள், புதிய பெயரில் லாக் என்ற சொல்லே இல்லை.

சிட்டை, பேரேடு தவிர மூன்றாவதாக ஒன்று இருக்கிறது: கணக்குப்பிள்ளை கூட்டிப் பார்க்கும் துண்டுச் சீட்டு. பெரிய பட்டியலை வரிசைப்படுத்தும்போது நினைவகத்தில் இடம் போதாமல் டேட்டாபேஸ் தற்காலிகமாக எழுதி அழிக்கும் இடம். மாதக் கடைசி அறிக்கை எடுக்கும் நாளில் மட்டும் பேயாட்டம் ஆடும். அதற்கும் தனி இடம் கொடுப்பது நல்லது; கரண்ட் போனால் அதைக் காப்பாற்ற வேண்டிய அவசியம் இல்லை என்பதால் விலை மலிவாகவும் கொடுக்கலாம்.

பேரேட்டுக்கு ஒரு கை போதாது என்பது தெளிவு. அப்படியானால் பல கைகள். 1988-ல் பெர்க்லி பல்கலைக்கழகத்தின் டேவிட் பாட்டர்சன், கார்த் கிப்ஸன், ராண்டி காட்ஸ் மூவரும், விலை உயர்ந்த ஒற்றைப் பெரிய டிஸ்க்குக்குப் பதிலாக மலிவான சிறிய டிஸ்க்குகளைக் கூட்டாக வேலை வாங்கலாம் என்று ஒரு கட்டுரை எழுதினார்கள். ரெய்டு என்ற பெயர் அங்கிருந்து வந்தது. டிஸ்க்குகள் அதிகமானால் ஏதாவது ஒன்று சாகும் வாய்ப்பும் அதிகமாகும் என்பதால், உபரியாகக் கொஞ்சம் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். எப்படி எழுதுவது என்பதில்தான் வகைகள்.

ரெய்டு 10 எளிமையானது. ஒவ்வொரு டிஸ்க்குக்கும் ஓர் இரட்டை. எழுதுவதை இரண்டிலும் எழுது. பாதி இடம் போய்விடும். ரெய்டு 5 கெட்டிக்காரத்தனமானது. மூன்று பெட்டிகளில் 7, 4, 9 என்ற எண்கள் இருந்தால் நான்காவது பெட்டியில் அவற்றின் கூட்டுத்தொகை 20 என்று எழுதி வை. எந்தப் பெட்டி தொலைந்தாலும் மற்ற மூன்றிலிருந்து கண்டுபிடித்துவிடலாம். கணினி கூட்டலுக்குப் பதில் வேறொரு பிட் கணக்கைப் போடுகிறது, தத்துவம் ஒன்றுதான். நான்கில் ஒரு பங்கு இடம்தான் செலவு. கொள்முதல் பிரிவுக்கு இதைவிட இனிப்பான செய்தி உண்டா?

ஆனால் இரண்டாம் பெட்டியில் 4-ஐ 6 ஆக மாற்ற வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். பழைய எண்ணைப் படிக்க வேண்டும். பழைய தொகையைப் படிக்க வேண்டும். வித்தியாசம் 2 என்று பார்த்து, புதிய எண்ணை எழுதி, புதிய தொகை 22-ஐயும் எழுத வேண்டும். ஒரு சின்ன மாற்றத்துக்கு நான்கு தடவை கை நகர்கிறது. ரெய்டு 10-ல் இரண்டு தடவை.

இதைப் பணமாக மாற்றிப் பார்ப்போம். 2000-த்தில் வந்து பத்துப் பதினைந்து ஆண்டுகள் டேட்டாபேஸ் உலகை ஆண்ட 15,000 சுற்று டிஸ்க்கை எடுத்துக்கொள்கிறேன். அது வினாடிக்குச் சுமார் 180 தேடல் செய்யும். 200 ஜிபி தரவு, நெருக்கடி நேரத்தில் வினாடிக்கு 1500 வாசிப்பு, 500 எழுத்து. ரெய்டு 10 என்றால் 1500-உம், 500-இன் இரட்டிப்பும் சேர்த்து 2500. 180-ஆல் வகுத்தால் 14 டிஸ்க். ரெய்டு 5 என்றால் 1500-உம் 2000-மும் சேர்த்து 3500, 20 டிஸ்க். இடம் மிச்சம் என்று வாங்கிய ரெய்டு 5-க்கு ஆறு டிஸ்க் கூடுதலாக வேண்டியிருக்கிறது! அதைவிட முக்கியமாகப் பாருங்கள்: தரவு வெறும் 200 ஜிபி. பதினான்கு டிஸ்க்கும் அதன் இடத்துக்காக வாங்கப்படவில்லை, கைகளுக்காக வாங்கப்படுகின்றன. வேகப் போட்டிகளில் பெரிய கம்பெனிகள் ஆயிரக்கணக்கான டிஸ்க்குகளைக் கட்டி, ஒவ்வொன்றிலும் வெளி ஓரத்துத் தடங்களை மட்டும் பயன்படுத்தி, உள்பக்கத்தைக் காலியாகவே விட்டுவைத்த காலம் ஒன்று இருந்தது. வெளி ஓரத்தில் ஒரு சுற்றுக்கு அதிகத் தரவு அடங்கும். கையும் தூரம் போக வேண்டாம்.

இந்தக் கணக்குகூட டிஸ்க்கை நூறு சதவீதம் பிழிந்தெடுத்தால்தான். வரிசையில் நிற்பதற்கு ஒரு கணிதம் இருக்கிறது. வேலை தாறுமாறாக வரும்போது, டிஸ்க் பாதி நேரம் வேலையாக இருந்தால் காத்திருப்பும் சேர்த்து ஆகும் நேரம் இரட்டிப்பாகும். 90 சதவீதம் வேலையாக இருந்தால் பத்து மடங்கு. ரேஷன் கடையில் மண்ணெண்ணெய் ஊற்றிய நாட்களில் நின்றவர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. 14 என்று கணக்கு வந்தால் 20 வாங்குகிறவர்தான் ராத்திரி தூங்குவார்.

ஒரு டிஸ்க் செத்த பிறகு நடப்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். 16 டிபி டிஸ்க் ஒன்றை வினாடிக்கு 200 எம்பி வேகத்தில் இடைவிடாமல் நிரப்பினாலும் 80,000 வினாடி ஆகும். 22 மணி நேரம். ரெய்டு 5-ல் அந்த 22 மணி நேரமும் மிச்சமுள்ள எல்லா டிஸ்க்குகளையும் முதலிலிருந்து கடைசி வரை படித்தாக வேண்டும். ஒரே நாளில், ஒரே பெட்டியிலிருந்து எடுத்து மாட்டிய, ஒரே வயதுள்ள டிஸ்க்குகள். இன்னொன்று மடக்கென்று போனால் மொத்தமும் போயிற்று. எழுத்து அதிகமுள்ள டேட்டாபேஸுக்கு ரெய்டு 5 வைப்பது சிக்கனத்தில் சேராது என்பது என் கட்சி. படிப்பதற்கு மட்டும் வைத்திருக்கும் பழைய ஆவணங்களுக்கு வைத்துக்கொள்ளட்டும்.

கண்ணுக்கே தெரியாத ஒரு தப்பைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். இதன் காரணம் எனக்கு எப்போதும் சுவாரஸ்யமாக இருந்திருக்கிறது. பழைய பி.சி. காலத்தில் ஒரு தடத்துக்கு 63 துண்டுகள் என்று ஒரு கற்பனைக் கணக்கு வைத்திருந்தார்கள். முதல் தடம் ஒதுக்கப்பட்டது. ஆகவே முதல் பார்ட்டிஷன் 63 துண்டுகள் தள்ளி ஆரம்பித்தது. ஒரு துண்டு 512 பைட், ஆக 31.5 கேபி. டிஸ்க்குகளின் உண்மையான அமைப்பு மாறி எவ்வளவோ காலம் ஆன பிறகும் விண்டோஸ் சர்வர் 2003 வரை இந்த வழக்கம் தொடர்ந்தது. ரெய்டிலோ தரவை 64 கேபி துண்டுகளாக வெட்டி ஒவ்வொரு டிஸ்க்குக்கும் ஒரு துண்டாகப் பங்கிடுவார்கள். எஸ்.க்யூ.எல். சர்வரும் எட்டுப் பக்கங்களைச் சேர்த்து 64 கேபி கட்டாகக் கேட்கும். இரண்டும் 64, பொருந்தியிருக்க வேண்டும். ஆனால் ஆரம்பமே 31.5 கேபி தள்ளி இருப்பதால் ஒவ்வொரு கட்டும் பாதி ஒரு டிஸ்க்கிலும் பாதி அடுத்த டிஸ்க்கிலுமாக விழுந்தது. ஒரு கை செய்ய வேண்டிய வேலைக்கு இரண்டு கைகள். எந்தப் பிழைச் செய்தியும் வராது. எல்லாம் ஒழுங்காக ஓடும், மந்தமாக. விண்டோஸ் சர்வர் 2008-ல் ஆரம்பத்தை 1 எம்பிக்கு மாற்றினார்கள், சிக்கல் தீர்ந்தது. அதற்குள் எத்தனை கம்பெனிகள் இதற்காகப் புது வன்பொருள் வாங்கியிருக்கும் என்று யாருக்குத் தெரியும்!

பிறகு எஸ்.எஸ்.டி. வந்தது. கையும் இல்லை, தகடும் இல்லை. என்.வி.எம்.இ. வகை டிரைவ் ஒன்று சிதறிய பக்கத்தை நூறு மைக்ரோவினாடிக்குள் எடுத்துத் தரும்; வினாடிக்கு லட்சக்கணக்கில். பதினான்கு டிஸ்க் அலமாரியின் வேலையை விரல் நீளச் சில்லு ஒன்று சோம்பல் முறித்தபடி செய்துவிடும். சிட்டையைத் தனியே வை என்ற பாடம் இங்கே பெருமளவு தளர்ந்துவிட்டது. சிறிய, நடுத்தர டேட்டாபேஸுக்கு நல்ல என்.வி.எம்.இ. இரண்டை இரட்டையாகப் போட்டு எல்லாவற்றையும் அதில் வைப்பதில் தவறில்லை. இருபது வருஷத்துக்கு முந்தைய விதியை ஏன் என்று தெரியாமலே மந்திரம்போல் ஓதிக்கொண்டு, ஒரே எஸ்.எஸ்.டி.யில் ஆறு பார்ட்டிஷன் வெட்டுகிறவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது.

எஸ்.எஸ்.டி.க்கும் அதற்கென்று ஒரு சுபாவம் உண்டு. சிலேட்டு மாதிரி இல்லை அது. பக்கம் பக்கமாக எழுதலாம், ஆனால் அழிப்பதென்றால் பல எம்பி அளவுள்ள பெரிய கட்டத்தை மொத்தமாகத்தான் அழிக்க முடியும். ஒரு கட்டத்தில் பத்துப் பக்கம் செல்லாததாகி மற்றவை உயிரோடு இருந்தால், உயிரோடு இருப்பவற்றை வேறிடத்துக்கு நகலெடுத்துவிட்டுத்தான் கட்டத்தைத் துடைக்க வேண்டும். நீங்கள் எழுதியது ஒரு பக்கம், டிரைவ் உள்ளுக்குள் எழுதியது நான்கு பக்கம் என்று ஆகலாம். கட்டங்களுக்கு இத்தனை முறைதான் அழித்து எழுதலாம் என்ற ஆயுள் வரம்பும் இருக்கிறது. டிரைவை விளிம்பு வரை நிரப்பிவிட்டால் நகர்த்த இடமில்லாமல் திணறும். அறையில் பெட்டிகளை அடுக்கி வைத்துவிட்டு அதே அறையைப் பெருக்குவதுபோல. ஐந்தில் ஒரு பங்கைக் காலியாக விட்டுவைப்பது, முன்பு டிஸ்க்கின் உள் தடங்களை விட்டுவைத்ததன் மறுபிறவி.

சொந்த சர்வரே வேண்டாம், கிளவுடில் வாடகைக்கு எடுத்துக்கொள்வோம் என்று போனால் அங்கே கணக்கு வேறு உருவத்தில் வந்து நிற்கிறது. அமேசானின் ஜிபி2 என்ற வாடகை டிஸ்க்கைப் பாருங்கள். ஒரு ஜிபிக்கு வினாடிக்கு 3 செயல்கள் உரிமை. நூறு ஜிபி எடுத்தால் 300. ஆனால் ஆரம்பத்தில் 54 லட்சம் செயல்கள் நிரம்பிய ஒரு தொட்டியையும் தருகிறார்கள். அது இருக்கும்வரை வினாடிக்கு 3000 வரை அள்ளலாம். நம் வீட்டு மாடித் தொட்டியேதான்: கார்ப்பரேஷன் குழாயில் நூலாக வரும், மாடித் தொட்டியிலிருந்து கொட்டும். முழு வேகத்தில் அள்ளினால் வினாடிக்கு 3000 போகிறது, 300 வருகிறது. 2000 வினாடியில், அதாவது 33 நிமிடத்தில் தொட்டி காலி. அதற்கப்புறம் 300-தான். சோதனை ஓட்டம் இருபது நிமிடம் நடக்கும், பிரமாதமாக இருக்கும், கேக் வெட்டுவார்கள். நிஜ வாடிக்கையாளர்கள் வந்து முக்கால் மணி நேரத்தில் எல்லாம் படுத்துவிடும். யாரும் தொடாமல் விட்டால் தொட்டி மறுபடி நிறைய ஐந்து மணி நேரம் ஆகும். இதில் இன்னொரு வேடிக்கை, 300 போதாதவர்கள் ஆயிரம் ஜிபிக்கு வாடகை கட்டி, தரவு நூறு ஜிபியே இருந்தாலும், 3000-ஐ நிரந்தரமாக வாங்கினார்கள். இடத்துக்காக இல்லாமல் கைகளுக்காக டிஸ்க் வாங்கிய பழைய கதை மேகத்துக்குள்ளேயும். 2020 டிசம்பரில் வந்த ஜிபி3-ல் இடத்தையும் வேகத்தையும் தனித்தனியாக விலை பேசலாம் என்று ஆக்கினார்கள்.

இவ்வளவுக்கும் மேலே ஒரு எளிய வழி இருக்கிறது: டிஸ்க்குக்கே போகாமல் இருப்பது. டேட்டாபேஸ் ஆராய்ச்சியாளர்கள் ஜிம் கிரேயும் ஃபிராங்கோ புட்ஸோலுவும் 1987-ல் ஒரு கணக்குப் போட்டார்கள். ஒரு பக்கத்தை நினைவகத்தில் வைத்திருக்க ஆகும் விலை என்ன, அதைத் திரும்பத் திரும்ப டிஸ்க்கிலிருந்து எடுக்க ஒரு கையின் நேரத்துக்கு ஆகும் விலை என்ன? அன்றைய விலையில், ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறையாவது தேவைப்படும் பக்கத்தை நினைவகத்தில் வைத்துக்கொள்வதே லாபம் என்று விடை வந்தது. நினைவகத்தின் விலை மளமளவென்று இறங்க, கையின் வேகமோ அப்படியே நிற்க, ஹார்ட் டிஸ்க்கைப் பொறுத்தவரை அந்த ஐந்து நிமிடம் மணிக்கணக்காகியது. டிஸ்க் அலமாரிக்கு விலை விசாரிக்கும் முன் நினைவகத்தை இரட்டிப்பாக்க என்ன ஆகும் என்று விசாரிப்பது நல்லது. வாசிப்பு எல்லாம் நினைவகத்தில் தீர்ந்துவிடும். எழுத்து மட்டும் தப்ப முடியாது. சிட்டை கீழே இறங்கியே ஆக வேண்டும்.

இறங்கிவிட்டது என்று டிஸ்க் சொல்வதை நம்பலாமா? அங்கேதான் 120 மறுபடி வருகிறது. 7200 சுற்று டிஸ்க் ஒன்றில், ஒருவர் பின் ஒருவராக எழுதி உறுதி கேட்டுப் பாருங்கள். போஸ்ட்கிரஸோடு இதற்கென்றே ஒரு சோதனை நிரல் வருகிறது. வினாடிக்கு நூறை ஒட்டிய எண் வந்தால் டிஸ்க் யோக்கியன். மூவாயிரம் என்று வந்தால் தகடு அவ்வளவு வேகமாகச் சுற்றவே முடியாது. டிஸ்க் தன் சின்ன நினைவகத்தில் வாங்கி வைத்துக்கொண்டு 'எழுதிவிட்டேன்' என்கிறது. ரெய்டு கார்டில் பேட்டரி இருந்தால் பரவாயில்லை, கரண்ட் போனாலும் அது காப்பாற்றும். எஸ்.எஸ்.டி.யில் அந்த வேலையைச் சிறு மின்தேக்கிகள் செய்கின்றன. சர்வருக்கென்று விற்பவற்றில் இருக்கும், வீட்டுக் கணினிக்கு விற்கும் மலிவானவற்றில் பெரும்பாலும் இருக்காது.

டிஸ்க் மட்டும்தான் பொய் சொல்லும் என்றும் இல்லை. 2018-ல் போஸ்ட்கிரஸ்காரர்களுக்கு ஓர் அதிர்ச்சி. எழுதும்போது பிழை நேர்ந்தால் லினக்ஸ் ஒரு முறை அதைச் சொல்லும். சரி, மறுபடி முயற்சி செய் என்று கேட்டால் 'ஆயிற்று' என்று பதில் வரும். ஆனால் அந்தப் பக்கம் டிஸ்க்குக்குப் போயே இருக்காது. கடிதம் தொலைந்துவிட்டது என்று ஒரு தடவை சொல்லிவிட்டு, மறுநாள் கேட்டால் 'என்னிடம் பாக்கி எதுவும் இல்லையே' என்று பையை உதறிக் காட்டும் தபால்காரரைப்போல. இருபது வருடமாக டேட்டாபேஸ் அந்த இரண்டாவது பதிலை நம்பியிருந்தது. 2019 பிப்ரவரியில் வெளியான திருத்தத்திலிருந்து, பிழை வந்தால் போஸ்ட்கிரஸ் மறுபடி கேட்பதில்லை. தானே விழுந்து, எழுந்து, சிட்டையை மறுபடி படிக்கிறது.

லைவ்ஜர்னல் தளத்தை உருவாக்கிய பிராட் ஃபிட்ஸ்பாட்ரிக் 2005-ல் டிஸ்க்குகளைக் கையும் களவுமாகப் பிடிக்க ஒரு சிறு நிரல் எழுதினார். அதை ஓட்ட இரண்டு கணினிகள் வேண்டும். முதலாவது, புது டிஸ்க்கில் எழுதிக்கொண்டே இருக்கும். டிஸ்க் ஒவ்வொரு முறை 'ஆயிற்று' என்றதும் அந்த எண்ணை வலை வழியாக இரண்டாவதற்குச் சொல்லும். எண்கள் ஓடிக்கொண்டிருக்கும்போது நீங்கள் எழுந்து போய், ஷட்டவுன் கொடுக்காமல், பட்டனையும் தொடாமல், முதல் கணினியின் பவர் கேபிளைச் சுவரிலிருந்து பிடுங்க வேண்டும். பிறகு கேபிளைத் திரும்பச் செருகி, கணினி எழும்வரை காத்திருந்து, டிஸ்க்கில் இருப்பதை இரண்டாவதன் பட்டியலோடு ஒவ்வொன்றாக ஒப்பிட வேண்டும். புது சர்வரில் வாடிக்கையாளர் தரவு ஏறுவதற்கு முந்தின நாள் இதைச் செய்வதற்கு அரை மணி நேரம் ஆகும்.